கடிகாரத்தை எங்கே திருத்துவது?: கணினி நேரப் பிழையும் நேர வலயமும்

1. கேள்வி

பத்திரம் தட்டச்சு செய்வது, அழைப்பிதழ் வடிவமைப்பது, இணையவழி விண்ணப்பம் நிரப்பித் தருவது என்று நடக்கிற சிறிய டி.டி.பி. கடை. நண்பருடையது. ஒருநாள் காலையில் நான் அங்கே போனபோது கடை வாசலில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். எந்த அரசுத் தளமும் திறக்கவில்லை. திறக்கப் போனால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை முழுத்திரையில் வந்து நின்றது. நண்பர் இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தார்; மோடத்தை அணைத்துப் போட்டார்; உலவியை நீக்கி மறுபடி நிறுவினார். ஒரு மணி நேரம் போயிற்று. திரையின் வலது கீழ் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

தேதியையும் நேரத்தையும் கையால் மாற்றியதும் தளங்கள் திறந்துகொண்டன. மறுநாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டபோது மறுபடி 2009. மூன்றாம் நாள் பட்டன் பேட்டரியை மாற்றினார்கள். அதன் பிறகு தேதி சரியாக நின்றது. ஆனால் அந்தக் கணினியிலிருந்து போகும் மின்னஞ்சல்கள் எல்லாம் பெறுபவரிடம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் போன நேரத்தைக் காட்டின. காலையில் அனுப்பியது இரவில் அனுப்பியதாகப் பதிவாயிற்று. திரையில் தெரிந்த நேரமோ சுவர்க் கடிகாரத்தோடு அச்சாகப் பொருந்தியது.

இக்கட்டுரையின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. கணினியின் நேரம் தவறாக இருக்கிறது என்று சொல்லும்போது, தவறியிருப்பது எது? அதைத் திருத்துகிறேன் என்று நாம் கை வைக்கும்போது, எதைத் திருத்துகிறோம்? திரையில் தெரியும் எண் சரியாகிவிட்டால் பிழை நீங்கிவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது என்பதும், பிழையை அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி வைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதைக் கடுமையாகச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம் இலங்கை. 1996க்கும் 2006க்கும் இடையில் அந்நாடு மூன்று முறை தன் நேரத்தை மாற்றியது.

2. கணினிக்குள் நேரம் இருக்கும் விதம்

கணினியில் நேரம் மூன்று அடுக்குகளாக இருக்கிறது. இவற்றைப் பிரித்து அறியாமல் பிழையைப் பேச முடியாது.

முதல் அடுக்கு வன்பொருள் கடிகாரம். 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். தனிநபர் கணினியில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டாஸ் தேதியையும் நேரத்தையும் கேட்கும். நாம் தட்டச்சு செய்யவேண்டும். 1984இல் வந்த ஏ.டி. மாதிரியில்தான் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. அதன் வாரிசுகளே இன்றைய மதர்போர்டுகளிலும் இருக்கின்றன. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று அதை ஓட்டுகிறது. அந்த எண் இரண்டின் 15ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மின்சாரம் இல்லாதபோது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி அதைக் காக்கிறது.

இரண்டாம் அடுக்கு இயங்குதளத்தின் எண்ணிக்கை. கணினி எழும்போது வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை படித்துக்கொண்டு, அதன்பின் தானே எண்ணத் தொடங்குகிறது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் இந்த எண்ணிக்கை 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவில் தொடங்குகிறது. யூடிசி என்பது உலகம் முழுவதற்குமான ஒரே நேரக் கணக்கு. சென்னையிலிருக்கும் கணினியும் டொரொன்டோவிலிருக்கும் கணினியும் இந்த அடுக்கில் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கவேண்டும்.

மூன்றாம் அடுக்கு நேர வலயம். அந்த ஒரே எண்ணை இந்த ஊரில் எத்தனை மணி என்று படிக்க வேண்டும் எனச் சொல்லும் விதி அது. இந்தியாவுக்கு யூடிசியோடு ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். சிங்கப்பூருக்கு எட்டு. லண்டனுக்குக் குளிர்காலத்தில் பூஜ்யம், கோடையில் ஒன்று.

திரையில் நாம் பார்க்கும் மணி இவற்றில் எந்த அடுக்கிலும் அப்படியே எழுதி வைக்கப்பட்டதன்று. எண்ணிக்கையும் விதியும் சேர்ந்து அந்தக் கணத்தில் கணக்கிட்டுத் தரும் விடை அது. ஒரு கூட்டல் கணக்கின் விடை தவறாக இருந்தால் இரண்டு எண்களில் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது என்று பொருள். இரண்டும் தவறாக இருந்து விடை மட்டும் சரியாக வருவதும் உண்டு. நண்பரின் கடையில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

3. நிலவும் மூன்று விளக்கங்கள்

கணினி நேரப் பிழைக்கு நம்மிடையே மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன.

முதலாவது, பழுதுபார்ப்பவரின் விளக்கம்: பேட்டரி போய்விட்டது. அணைத்துப் போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போவதும், கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லிக் கணினி நிற்பதும் இதற்கான சான்றுகள். இந்தச் சான்றுகள் இருக்கும்போது விளக்கம் முற்றிலும் சரி. ஆனால் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்கோ நின்ற இடத்துக்கோ போகும். துல்லியமாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறாது. அப்படித் தவறும் கணினிக்குப் புதுப் பேட்டரி போட்டுப் பயனில்லை.

இரண்டாவது, அனுபவமுள்ள பயனரின் விளக்கம்: தானியங்கி நேரத்தை இயக்கிவிட்டால் போதும். இதன் பின்னால் நிற்பது என்.டி.பி. என்னும் வலைப்பின்னல் நேர நெறிமுறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985இல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. அதன் கணக்கு எளிமையும் அழகும் கொண்டது. என் கணினி ஏழு விநாடி பின்தங்கியிருக்கிறது, செய்தி ஒரு வழி போக 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். என் கடிகாரத்தில் 0 ஆக இருக்கும்போது கேள்வி கிளம்புகிறது. நேர வழங்கி அதைத் தன் 7.1இல் பெற்று, உடனே பதில் தருகிறது. பதில் என்னிடம் வரும்போது என் கடிகாரம் 0.2 காட்டுகிறது. போகும்போது கண்ட வேறுபாடு 7.1, வரும்போது கண்ட வேறுபாடு 6.9. இரண்டின் சராசரி 7. பயண நேரம் தானே கழிந்து, பிழை மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் இந்த விளக்கம் இரண்டு இடங்களில் இடறுகிறது. என்.டி.பி. யூடிசியை மட்டுமே சுமந்து வருகிறது. எந்த ஊர், எந்த வலயம் என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. வலயம் தவறாக இருந்தால், தானியங்கி நேரம் தவறான மணியை மிகத் துல்லியமாகக் காட்டும். விண்டோஸில் நேரத்துக்கும் வலயத்துக்கும் தனித்தனி விசைகள் இருப்பது இதனால்தான். அடுத்து, பிழை மிகப் பெரிதாக இருந்தால் தானியங்கி தயங்கி நின்றுவிடும். யுனிக்ஸ் உலகில் நெடுநாள் புழங்கிய என்.டி.பி. நிரல், வேறுபாடு 1,000 விநாடிக்கு மேல் போனால் திருத்த மறுத்து வெளியேறிவிடும். எங்கிருந்தோ வந்த தவறான நேரத்தை நம்பி எல்லாவற்றையும் கெடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. ஆகவே 2009க்குப் போய்விட்ட கணினியை மனிதக் கை முதலில் ஏறத்தாழச் சரியான தேதிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விளக்கம் எல்லாரிடமும் இருப்பது, சொல்லாமலே கடைப்பிடிப்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார், கணினியில் அந்த மணியை வை. கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிப் பழகிய நமக்கு இது இயல்பாக வருகிறது. மூன்றில் மிக அதிகத் தீங்கு செய்வதும் இதுவே.

4. பிழையின் அளவு சொல்லும் செய்தி

மருத்துவர் காய்ச்சலின் அளவையும் அது ஏறி இறங்கும் விதத்தையும் கவனிப்பதுபோல, கணினி நேரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். நோயின் பெயரை அந்த அளவே சொல்லிவிடும்.

ஆண்டுக்கணக்கில் பின்னால் போயிருந்தால் பேட்டரி. இணையத்தோடு சேராத கணினியில் மெல்ல மெல்ல விநாடிகள் சேர்ந்து நிமிடமானால், படிகத்தின் இயல்பான பிசகு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் படிகம் ஒரு நாளில் 1.7 விநாடியும், ஒரு மாதத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் தவறும். இது பழுதன்று, அவ்வப்போது ஒத்திசைத்தால் போதும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். விண்டோஸ், டாஸ் காலத்து வழக்கப்படி, வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் அதில் யூடிசி இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. காலை 10:00 மணிக்கு லினக்ஸை அணைத்துவிட்டு விண்டோஸைத் திறந்தால் 4:30 காட்டும். விண்டோஸ் எழுதி வைத்ததை லினக்ஸ் படித்தால் 3:30 பிற்பகல் ஆகிவிடும். ஒன்று திருத்தியதை மற்றது கெடுக்கும் இந்த இழுபறி, இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றி மற்றதோடு ஒத்துப்போகச் செய்யும்வரை ஓயாது.

பன்னிரண்டரை மணி நேரமோ பதின்மூன்றரை மணி நேரமோ பின்னால் காட்டினால், வலயம் அமெரிக்காவின் பசிபிக் கரையில் நிற்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் விண்டோஸ் நிறுவுபவர்கள் இந்த இடத்தைப் பார்க்காமல் கடந்துபோவது அடிக்கடி நேர்கிறது. கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை.

5. முள்ளைத் திருப்பினால் என்ன ஆகிறது

நண்பரின் கணினியில் நடந்ததை இப்போது படிப்படியாகப் பார்க்கலாம். அந்தக் கணினியின் வலயம் பசிபிக். மாதம் ஜூன். உண்மையில் மணி காலை 9:00. அதாவது யூடிசி 3:30. கணினி சரியான எண்ணிக்கையை வைத்திருந்திருந்தால் முந்தைய நாள் இரவு 8:30 என்று காட்டியிருக்கும். பழுதுபார்த்தவர் மணியைக் கையால் 9:00 ஆக்கினார். அங்கே கணினி புரிந்துகொண்டது இது: பசிபிக் கரையில் காலை 9:00, ஆகவே யூடிசி பிற்பகல் 4:00. திரையில் எண் சரியானது. உள்ளே எண்ணிக்கை பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிப்போயிற்று.

மின்னஞ்சலின் தலைப்பில் மணியோடு வலய வேறுபாடும் சேர்ந்தே எழுதப்படுகிறது. 9:00, யூடிசிக்கு ஏழு மணி நேரம் பின்னால் என்று அந்தக் கணினி எழுதியது. மதுரையில் அதைப் பெற்ற கணினி, நேர்மையாகக் கணக்கிட்டு, இரவு 9:30க்கு அனுப்பப்பட்டது என்று காட்டியது. பொய் சொன்னது அனுப்பிய கணினி. சொல்ல வைத்தது நம் கை.

விளைவு மின்னஞ்சலோடு நிற்பதில்லை. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. எண்ணிக்கை அந்த எல்லைக்கு வெளியே போனால் உலவி கதவை மூடிக்கொள்ளும். அலைபேசிச் செயலிகள் தரும் ஆறிலக்கக் கடவுஎண்கள் பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. எண்ணிக்கை தவறினால் கடவுஎண்ணும் தவறும். அலுவலக வலைப்பின்னல்களில் பயன்படும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை, வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்ட கணினியை உள்ளே விடாது. இவை எல்லாமே எண்ணிக்கையைப் பார்க்கின்றன. திரையில் தெரியும் மணியைப் பார்ப்பதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. இப்படி முள் திருப்பப்பட்ட கணினி, அமெரிக்கக் கோடைநேர விதியின்படி, மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் தானாக ஒரு மணி நேரம் தாவும். கோடைநேரமே இல்லாத தமிழ்நாட்டில் ஒரு கணினி ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் பிசகினால், மறுபடி பேட்டரியைக் குறை சொல்லவேண்டாம். வலயத்தைத் திறந்து பார்க்கவேண்டும்.

குற்றம் நடந்த நேரம், ஊடுருவல் நடந்த நேரம் ஆகியவற்றைப் பதிவுகளைக்கொண்டு நிறுவவேண்டிய இக்காலத்தில் இது தனிமனிதச் சிக்கலாக மட்டும் இல்லை. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு, அல்லது அவற்றோடு தொடர்புறுத்தக்கூடிய வழங்கிகளோடு ஒத்திசைக்கவேண்டும் என்று, கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது இந்தப் பின்னணியில்தான். இந்தியச் சீர்நேரத்தைப் பேணும் பொறுப்பு டெல்லியிலுள்ள அந்த இயற்பியல் ஆய்வகத்துடையது.

6. விதி யாருடையது: இலங்கை, 1996–2006

இதுவரை சொன்னதில் ஓர் அனுமானம் இருக்கிறது: ஓர் இடத்துக்குச் சரியான வலயம் ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த அனுமானம் எவ்வளவு உறுதியானது?

வலயம் இயற்கை தந்ததன்று. 1906 ஜனவரி 1இல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன், இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். புதிய சீர்நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. மதராஸ் தன் கடிகாரத்தை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிக்கொண்டது. சூரியன் மாறவில்லை; விதி மாறியது.

உலகின் இத்தகைய விதிகளையெல்லாம் தொகுத்து வைத்திருப்பது டி.இசட். தரவுத்தளம். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய அது, பால் எக்கர்ட் தொகுத்துவர, 2011 முதல் இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பின் கீழ் இயங்குகிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் இதையே நம்பியிருக்கின்றன; விண்டோஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. டி.இசட். முறையில் 1970 முதல் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்துவரும் பரப்பு ஒரு வலயம். அதன் பெரிய நகரம் ஒன்றின் பெயர் அதற்கு. லினக்ஸ் நிறுவும் தமிழ்நாட்டுக்காரர் சென்னையைத் தேடிக் காணாமல் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால். இலங்கைக்குக் கொழும்பு.

அந்தக் கொழும்பு வலயத்தின் வரலாற்றைப் பாருங்கள். வறட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்து நாடு மின்வெட்டில் தவித்த 1996இல், மே 25 அன்று, ஐந்தரையாக இருந்த வேறுபாடு ஆறரையாக ஆக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது.

இந்தப் பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. அரசு நேரம் ஆறாக இருந்த காலத்தில் ஒரே தீவில் அரை மணி இடைவெளியில் இரண்டு நேரங்கள் ஓடின. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஏ9 பாதை திறந்தபோது, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் ஓமந்தையைத் தாண்டியதும் பழைய நேரத்துக்குள் நுழைந்து, முகமாலையைத் தாண்டியதும் மறுபடி அரசு நேரத்துக்குள் போனார்.

கணினிக்கு இது எப்படித் தெரியும்? டி.இசட். தரவுத்தளத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதிக்குத் தனி வலயம் இல்லை. ஆனால் கொழும்பு விதிகளின் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியில் வாழ்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 முதல் அப்பகுதிகளின் நேரம் அதோடு ஒத்துவருகிறது என்பது அதன் சாரம். எந்த அரசியல் நிலைப்பாடும் எடுக்காமல், மக்கள் உண்மையில் எந்த மணியில் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்த குறிப்பு அது. போரின் எல்லைக்கோடு ஒரு கணினிக் கோப்பின் ஓரத்தில் இப்படி எழுதப்பட்டுக் கிடக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறலாம். ஒன்று, வலயம் என்பது நிலப்படத்தில் உள்ள இடம் மட்டுமன்று. யாருடைய ஆணை அங்கே நடக்கிறது என்பதும் அதில் அடங்கும். மற்றது, அந்த ஆணை மாறும்போது கணினியின் விதிப்பட்டியலும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2006 ஏப்ரலில் பட்டியல் புதுப்பிக்கப்படாத கணினி அரை மணி முன்னால்தான் காட்டும். அங்கே முள்ளைத் திருப்பியவர் எண்ணிக்கையைக் கெடுத்தார். வலயத்தை மட்டும், விண்டோஸ் பட்டியலில் உள்ளபடி, சென்னை, கொல்கத்தா என்று மாற்றிக்கொண்டவர் அன்றைய தேவைக்குச் சரியாகச் செய்தார்.

இது இலங்கையோடு முடிந்த கதையும் இல்லை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, ரமலான் முடியும்வரை கோடைநேரத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்தது. மரோனைட் திருச்சபையும் பல ஊடகங்களும் ஏற்க மறுத்தன. சில நாட்கள் ஒரே நகரில் இரண்டு நேரங்கள் இருந்தன. எதைக் காட்டுவது என்பதில் அலைபேசிகளும் பிரிந்தன. பிறகு அரசு பின்வாங்கியது. தானியங்கி வலயத்தை முழுமையாக நம்பும் விளக்கத்துக்கு இது வலுவான எதிர்ச்சான்று.

7. பழைய பதிவுகளும் ஒரு ஜாதகமும்

இன்றைய மணி சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்களுக்கு, கடந்த காலத்தை எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. 2003 ஜூனில் கொழும்பில் மாலை 6:00க்கு எடுத்த ஒரு படத்தின் நேரம் யூடிசியில் 12:00 என்று சேமிக்கப்பட்டிருக்கிறது. இன்று கொழும்பு வலயத்தில் திறந்தால், பழைய விதியை அறிந்த கணினி மாலை 6:00 என்று காட்டும். கொல்கத்தா வலயத்தில் திறந்தால் 5:30. இன்று இரண்டு வலயங்களும் ஒரே மணியைக் காட்டுகின்றன. ஆயினும் கடந்த காலத்தில் அவை ஒன்றல்ல. இலங்கையில் இருப்பவர் கொழும்பு வலயத்தையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எல்லாக் கருவிகளும் யூடிசியைச் சேமிப்பதும் இல்லை. பென்டிரைவ்களில் காணும் பழைய ஃபேட் கோப்பு முறை, உள்ளூர் மணியை வலயக் குறிப்பு இல்லாமல் எழுதுகிறது. சிங்கப்பூரில் மாலை 5:00க்கு எழுதிய கோப்பு, சென்னையில் திறந்தாலும் 5:00 என்றே சொல்லும். நமக்கு அப்போது பிற்பகல் 2:30. டிஜிட்டல் கேமராப் படங்களில் நேரத்தைப் பதியும் எக்ஸிஃப் தரத்திலும் வலய வேறுபாட்டுக்கான இடம் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய படங்களில் மணி இருக்கிறது. எந்த ஊர் மணி என்பது இல்லை.

தமிழ்ச் சமூகத்தில் நேரத்தை மிகக் கவனமாகக் குறித்துவைக்கும் ஆவணம் ஜாதகம். சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பது இங்கே பொருட்டில்லை, கணக்கு ஒன்றுதான். லக்னம் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 1999இல் கொழும்பு மருத்துவமனையில் காலை 6:10க்குப் பிறந்த குழந்தைக்கு, ஐந்தரை என்று வைத்து ஜாதக மென்பொருள் கணித்தால் அரை மணி பிசகும். ஏழரைப் பாகை, ஒரு ராசியில் கால் பங்கு. 1942 முதல் 1945 வரை போர்க்கால நேரம் ஓடிய இந்தியாவில் பிறந்தவருக்கு ஒரு மணி நேரம் பிசகலாம். 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்கு நேராக நள்ளிரவுக்குத் தாவி, ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறிய சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் அதற்குமுன் பிறந்தவர்களுக்கும் அரை மணிக் கணக்கு உண்டு.

இவற்றினும் கடினமானது ஒன்று. 2006 ஏப்ரல் 15 அன்று கொழும்பில் 12:30 ஆனதும் கடிகாரம் மறுபடி 12:00க்குத் திரும்பியது. அந்த இரவில் 12:15 இரண்டு முறை வந்தது. அப்போது பிறந்த குழந்தையின் நேரம் 12:15 என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த 12:15 என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. மாறாக, 1996 மே 25 நள்ளிரவு 12:00க்கும் 1:00க்கும் இடையிலான எந்த நேரமும் அரசுக் கணக்கில் நடக்கவே இல்லை. வலயத்தைக் குறிக்காத மணி அரைகுறைத் தகவல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

8. முடிவு

மேற்கண்ட சான்றுகளை எடை போட்டால், மூன்று விளக்கங்களுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. ஆனால் வரிசை உண்டு. நேரம் தவறாகத் தெரிந்தால் முதலில் எவ்வளவு தவறியிருக்கிறது என்று கணக்கிடவேண்டும். அடுத்து, வலயத்தைத் திறந்து பார்க்கவேண்டும். இந்தியாவில் கொல்கத்தா (விண்டோஸில் சென்னை, கொல்கத்தா) என்ற பெயருள்ள ஐந்தரை வலயம், இலங்கையில் கொழும்பு (விண்டோஸில் ஸ்ரீ ஜயவர்தனபுர). வலயம் சரியான பிறகே எண்ணிக்கைக்கு வரவேண்டும்: தேதி வெகுதூரம் போயிருந்தால் கையால் அருகே கொண்டுவந்து, மீதியைத் தானியங்கியிடம் விடவேண்டும். அணைத்துப் போட்டதும் மறுபடி கெட்டால் பேட்டரியை மாற்றவேண்டும். இரண்டு இயங்குதளங்கள் இருந்தால் வன்பொருள் கடிகாரத்தை எப்படிப் படிப்பது என்பதில் அவற்றை உடன்படச் செய்யவேண்டும். இயங்குதளப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் இதில் அடங்கும். விதிப்பட்டியல் அவற்றோடுதான் வருகிறது. வலயத்தைப் பார்க்காமல் முள்ளைத் திருப்புவதை விட்டுவிடவேண்டும்.

பதிவுகளுக்கும் ஒரு வழி உண்டு. மணியோடு யூடிசி வேறுபாட்டையும் சேர்த்து எழுதுவது: 2003-06-14 18:00 +06:00. கூடுதலாக ஆறு எழுத்துகள். இருபது ஆண்டுக்குப் பின் திறப்பவருக்கும் அந்தக் கணம் சந்தேகமின்றிக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கையில் எழுதப்பட்ட பிறப்புக் குறிப்புகள், மருத்துவச் சீட்டுகள், நாட்குறிப்புகள், ஒளிப்படங்கள் ஆயிரக்கணக்கான தமிழ் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் எழுதியுள்ள மணி கொழும்பு நேரமா பழைய நேரமா என்பது தாளில் இல்லை. எழுதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு முன், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஊர், எந்த நேரம் என்பதை ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறித்து வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.